லண்டனில் ஒரே ஓர் இடம்

கிழக்கு வெளுக்கும்போதே பூங்காவனம் ரோபெர் துரை வீட்டுப் பின்கட்டில் குந்தி, துரையின் அப்பா இரவெல்லாம் நனைத்த விரிப்பைச் சவுக்காரம் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். மலச்சட்டி இன்னும் பாக்கி. அந்தத் தீவில் ஜனவரிதான் கோடை; புழுக்கத்தில் நாற்றம் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இதை முடித்துவிட்டு, செமின் கிரனியே கரும்புத் தோட்டத்தில் களைகொத்த ஓட வேண்டும். அதற்குத்தான் கூலி. இதற்கு இல்லை.

இதற்குக் கிடைக்கப்போவது ஒரு கடிதம். கரும்பு வெட்டு முடிந்து வேலை சுருங்கியிருந்த காலம்; கூலியையும் குறைத்துவிட்டார்கள். ஆலையில் கால் நசுங்கிய புருஷன் மருதை வீட்டோடு கிடந்தான். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் வார்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், காலேஜ் படிப்பெல்லாம் வேண்டாம், நோயாளியைப் பார்த்துக்கொண்டவள் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் வேலை அனுமதி வந்துவிடும் என்று சொன்னவன் தோட்ட நிர்வாகியான ரோபெர்தான். ஒரே ஓர் இடம், யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லியிருந்தான். அவள் மருதையிடம் மட்டும் சொன்னாள். கப்பலேறிப் போனபின் இந்த நொண்டியை அடையாளம் தெரியுமா என்று கேலி செய்தவன், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. விரதம் எடுப்பவரின் பெயரையும் வேண்டுதலையும் உரக்கச் சொல்லித்தான் குருக்கள் மஞ்சள் கயிறு கட்டுவார். முருகனிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்று பூங்காவனம் உள்ளதைச் சொன்னாள்.

"பூங்காவனம், இங்கிலாந்து ஆஸ்பத்திரி வேலை கிடைக்க" என்றார் குருக்கள்.

அடுத்தவள் பார்வதி. அவளுக்கும் அதே வேண்டுதல். அவளுக்குப் பின்னால், பாதிரியாருக்குத் தெரியாமல் ஆண்டுதோறும் விரதமிருக்கும் சொலாஞ். அவளும் அதையே முணுமுணுத்தாள். குருக்கள் கயிறும் கையுமாக நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஊரே கப்பலேறப் போகுதா?"

கூட்டம் சிரித்தது. அந்த மூவரும் சிரிக்கவில்லை. கோயில் குழாயடியில் நின்று பேசியபோது எல்லாம் வெளியே வந்தது. பார்வதிக்கு மதியச் சட்டி, சொலாஞுக்கு மாலைச் சட்டி. மூவருக்கும் அதே ஒரே இடம், அதே ரகசியம்.

கிழவர் மேல் பூங்காவனத்துக்கு ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. கழுவிவிட்ட பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். அவர் பெற்ற மகனை நினைத்தபோதுதான் காறித் துப்ப வேண்டும்போலிருந்தது.

மறுநாள் விடியலில் மூவரும் சேர்ந்தே போனார்கள்.

"கடிதம் வேணும் மிஸ்யே. மூணு பேருக்கும். செஞ்ச வேலைக்குக் கூலியும்" என்றாள் பூங்காவனம்.

ரோபெர் சிரித்தான். "எழுத்து வாசனையே இல்லாத உங்கள, நான் எழுதலேன்னா லண்டன்ல எவன் சேத்துக்குவான்?"

"எங்க கைக்கு என்ன படிப்புன்னு உங்க அப்பாவக் கேளுங்க" என்றாள் சொலாஞ்.

அவன் உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தான். குரல் குழைந்தது. "பூங்காவனம், முதல்ல வந்தவ நீதான். இவங்கள அனுப்பிடு. உனக்கு இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

மருதையின் கால், கப்பல், மாதாமாதம் வரப்போகும் பணம் எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றன. பூங்காவனம் பார்வதியைப் பார்த்தாள். அவள் தலை குனிந்து நின்றாள். போ என்றால் போய்விடுவாள். அதைத்தான் பூங்காவனத்தால் தாங்க முடியவில்லை.

"இன்னும் ரெண்டு தாள் கொண்டாங்க மிஸ்யே."

தோட்டத்திலும் இனி உங்களுக்கு வேலை இல்லை என்று அவன் கத்தினான். உள்ளே கிழவர் முனகினார்.

"இன்னைக்கு அப்பாவ நீங்க கழுவுங்க" என்றாள் பூங்காவனம். "தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும். அவருக்குக் குளிரும்."

தோட்டத்தில் கங்காணி வேலை பார்க்கும் சர்தார் அவர்களைக் களைகொத்தும் வரிசையில் விடவில்லை. ஏன் என்பது வரிசை நெடுக ஓடியது. வரிசையில் நின்ற ஊகெட் களைக்கொத்தைத் தரையில் போட்டாள். தன் மகளிடமும் துரை இதே பேச்சைப் பேசியிருக்கிறான் என்றாள். இன்னொரு கொத்து விழுந்தது, பிறகு இன்னொன்று. யூனியனில் முறையிடலாம் என்றால் ஆபீஸ் திறக்க நேரமாகுமே என்றாள் ஒருத்தி.

"திறக்கிற வரைக்கும் வாசல்ல உக்காருவோம்" என்றாள் பூங்காவனம்.

கடிதமும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. கரும்புத் தோகை கீறிய கைகளோடு பெண்கள் ஒவ்வொருத்தியாய்ச் சாலைக்கு ஏறினார்கள். சர்தார் பெயர் பெயராகக் கூப்பிட்டான். ஒருத்தியும் திரும்பவில்லை.