மூன்றாம் வகுப்பு அறிவியலுக்குப் பூக் கேட்ட கதை

மகளுக்கு எந்த அறிவியல் பாடத்திட்டம் என்பதை முடிவுசெய்ய, அகல்யாவும் யோகேஷும் கடைசியில் குலதெய்வமான அம்மனிடம் பூக் கேட்பதென்று ஒப்புக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்துக்காகச் சாமியைத் தொந்தரவு செய்தது திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இவர்களாகத்தான் இருக்கும்.

யோகேஷ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவன். மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போர் போட்டுவிட்டு மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வருவான். இந்த முறை வரும்போது கையோடு ஒரு புத்தகமும் வந்தது. டாக்டர் படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலிருந்தே தயார்செய்யும் புத்தகம். பக்கமெல்லாம் கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை, சரியானதற்கு டிக் அடிக்க வேண்டும். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடி.

அகல்யா பிடித்துவைத்திருந்தது அதற்கு நேர் எதிர். வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அம்மாக்கள் அஸ்தம்பட்டியில் கூடியபோது பார்த்தது. அதில் பரீட்சையே கிடையாது. இரண்டு டம்ளரில் பயறு போடு, ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் விடு, இரண்டையும் தினமும் பார், பார்த்ததை வரை. அந்த முதல் பாடத்தை மகள் மதுமதியோடு செய்தும் பார்த்திருந்தாள். யோகேஷ் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல படிக்கறதுக்கு எங்க இருக்குது?" என்றான். குதர்க்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடினான்.

அகல்யாவுக்கு இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. மதுமதி பள்ளிக்கூடம் போன நாளில் திங்கட்கிழமைதோறும் டெஸ்ட். ஞாயிறு சாயங்காலமே பிள்ளை சோறு வேண்டாம் என்றுவிடுவாள். பதில் தெரிந்தாலும் சொல்லமாட்டாள், தப்பாகிவிடுமோ என்று அழுவாள். அதனால்தான் சொந்தபந்தம் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். இப்போது அதே டெஸ்ட் தடிப் புத்தகமாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டால், வாங்கிய பேச்செல்லாம் எதற்கு?

பேசிப் பேசிச் சலித்தபிறகு பூப் பேச்சை எடுத்தவன் யோகேஷ். "ஆத்தா சொன்னா நானும் கேட்டுக்கறேன். நீயும் கேட்டுக்கோணும்."

"செரிங்க. பூவ நானே கட்டிக்கிட்டு வாரேன்" என்றாள் அகல்யா.

வெள்ளை அரளி வந்தால் அவளுடைய பாடத்திட்டம், சிவப்பு வந்தால் அவனுடையது. வாழையிலைத் துண்டில் தனித்தனியாகப் பூவை வைத்து நூல் சுற்ற வேண்டும். சாமி முன்னால் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தால், அதில் இருக்கிற பூதான் சாமி சொன்ன பதில். அகல்யா சமையலறையில் நின்று முதல் பொட்டலத்தில் வெள்ளையை வைத்தாள். இரண்டாவதிலும் வெள்ளையையே வைத்தாள். ஆத்தாவுக்குக் கோபம் வந்தால் தன்மேல் வரட்டும், பிள்ளைமேல் வேண்டாம் என்று மட்டும் கும்பிட்டுக்கொண்டாள். இயற்பியலில் பட்டம் வாங்கியவள். சாமியிடமே திருட்டுவேலை செய்துவிட்டு அதே சாமியைக் காப்பாற்றச் சொல்வது என்ன நியாயம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

காலையில் கோயிலில் கூட்டமில்லை. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். "ஒண்ணு எடு சாமி" என்று மதுமதியிடம் சொன்னார். மதுமதி எடுத்துக்கொடுத்ததை அவர் பிரித்தார். வெள்ளை.

யோகேஷுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் மாறாமல், "செரி, ஆத்தா சொல்லிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அகல்யா கண்ணை மூடி நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

கண்ணைத் திறந்தபோது, மதுமதி தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தின் நூலை உருவிக்கொண்டிருந்தாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்து அகல்யா பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் கட்டியிருந்தாள்.

"அத விடு கண்ணு." அகல்யா கையை நீட்டுவதற்குள் இலை விரிந்துவிட்டது.

"இதுவும் வெள்ளைங்கப்பா" என்றாள் மதுமதி.

பூசாரி விளக்குக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார். யோகேஷ் அகல்யாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். மானம் போய்விட்டது. கைதவறி மாற்றிக் கட்டிவிட்டேன் என்று ஒரு பொய் வாய்வரை வந்தது. மகள் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்ல வரவில்லை.

"உன்ன யாரு சாமி பிரிக்கச் சொன்னது?" என்றான் யோகேஷ்.

"யாருஞ் சொல்லலீங்க. ஒண்ண மட்டும் பாத்தா எப்புடித் தெரியும்? பயறுக்கு ரெண்டு டம்ளரையும் பாக்கறமில்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இது செல்லாதுங்கப்பா. மறுக்காக் கட்டோணும்."

கோயில் வாசலில் நின்ற அரளிச் செடியிலிருந்து ஒரு சிவப்பைப் பறித்துவந்து, அதையும் ஒரு வெள்ளையையும் எல்லோரும் பார்க்க அவளே தனித்தனியாகக் கட்டினாள். பூசாரி மறுபடி குலுக்கி வைத்தார். "நான் கட்டுனேன், அதனால நான் எடுக்கக்கூடாது. அம்மா எடுக்கட்டும்" என்றாள்.

அகல்யா கைக்கு வந்ததை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. மதுமதி மற்றதையும் பிரித்து வெள்ளையைக் காட்டி, "இப்பச் செரி" என்றாள்.

திரும்பும் வழியில் யோகேஷ் அந்தத் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அகல்யாவுக்கு. பைக்கில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மதுமதிதான் பேசினாள்.

"அப்பா, அந்தப் பெரிய புத்தகத்துல விடையெல்லாம் போட்டிருக்குமாங்க?"

"கடைசியில போட்டிருக்குது சாமி."

"அதெல்லாம் செரியான்னு யாரு பாத்தாங்க?"

யோகேஷ் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான். லாரி போனபிறகு, "யாரு பாத்தாங்களோ சாமி" என்றான்.

"அப்பிடின்னா நாம பாக்கலாங்கப்பா" என்றாள் மதுமதி. "மொதக் கேள்வியில இருந்து ஒவ்வொண்ணா."

அகல்யாவுக்கு முதல்முறையாக அந்தத் தடிப் புத்தகத்தின்மேல் பரிதாபம் வந்தது.