தண்ணீரில் நிற்கும் யானை

"சுருட்டும்மா சீக்கிரம். வண்டி வந்துக்கினு இருக்குது" என்று வாசலிலிருந்து துளசி அத்தை குரல் கொடுத்தபோது, ரேவதி அப்பாவின் பாயை முக்கால்வாசி சுருட்டியிருந்தாள். போர்வையை மடித்து அதன்மேல் வைத்தாள். தலையணையை எடுக்கும்போது உள்ளே ஏதோ சரசரத்தது. பஞ்சு வெளியே வராமலிருக்க அப்பா பிளாஸ்டிக் பை எதையாவது திணித்துத் தைத்திருப்பார். அவர் தைக்கிற லட்சணம் அப்படி. மூன்றையும் பழைய வேட்டியில் போட்டு இறுக்கிக் கட்டி, அண்ணன் ராமராஜன் கையில் கொடுத்தாள். செத்தவர் படுத்தது எதுவும் வீட்டில் தங்கக்கூடாது. சுடுகாட்டு வாசலில் போட்டுவிட வேண்டும்.

பிணத்தோடு போன கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்பிக் காதிலிருந்து மறைந்தது.

போனவர் வீரபத்திரன். பிள்ளையார்பாளையத்துக்கு முப்பத்தோரு வருடம் குழாய்த் தண்ணீர் திறந்துவிட்டவர். வால்வு திறக்கிற நீளச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் சைக்கிளில் வந்தால், தேரில் வருகிற சாமியைக் கும்பிடாதவர்கள்கூடக் கை எடுத்துக் கும்பிடுவார்கள். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் புத்தகம். வீட்டில் பத்தாயிரம் புத்தகம் இருப்பதாகத் தெருவில் பேச்சு. எண்ணிப் பார்த்தால் நானூறு தேறும், மிச்சமெல்லாம் கரப்பான்பூச்சி. சாயங்காலம் ஏழு மணி அடித்ததும் டிவி ஒயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். எட்டு மணி வரை வீட்டில் ஆளுக்கொரு புத்தகம். அம்மா அம்சா அரிசியில் கல் பொறுக்கினாலும் பக்கத்தில் ஒரு வாரப்பத்திரிகை விரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் சுவர்ப் பல்லிகூட வாய் திறந்ததில்லை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான். அவர்களைப் படிக்கவைக்க அவர் கண்டுபிடித்த வழியைப் போலீஸ் கேள்விப்பட்டிருந்தால் பிடித்து உள்ளே போட்டிருக்கும். எந்தக் கதைப் புத்தகம் வந்தாலும் பிளேடை எடுத்துக் கடைசித் தாளைப் பதமாக அறுத்து வைத்துக்கொள்வார். மிச்சத்தைப் படித்துவிட்டு வந்து, அவர் எதிரில் நின்று, வாயால் கதை சொல்ல வேண்டும். "எதுவரைக்கும் வந்த?" என்று கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒழுங்காகச் சொன்னால் கடைசிப் பக்கம் கைக்கு வரும். ராஜா செத்தானா பிழைத்தானா என்று தெரியாமல் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்த பிள்ளைகள் அந்தத் தெருவில் உண்டு.

ரேவதிக்குப் பன்னிரண்டு வயதில் அப்படி வாய்த்தது, கோயில் யானையைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. ஊர் ஊராக அலைந்து கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறாள். ஏரி நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு யானை நிற்கிறது. கரையிலிருந்து அவள் யானையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அடுத்த பக்கம் அப்பாவிடம்.

அன்றைக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு நடுவே நின்று சொல்லும்போது ரேவதிக்கு நாக்கு குழறிவிட்டது. பிள்ளைகள் சிரித்தன. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு உன் பக்கமும் வாணாம், யானையும் வாணாம்" என்று போனவள், இருபத்து நான்கு வருடம் கேட்கவில்லை. கல்யாணமாகி ஏனாத்தூருக்குப் போன பிறகும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்: "ரேவதி, யானை இன்னும் தண்ணியிலதான் நிக்குதுமா. சளி புடிச்சிக்கப் போவுது."

வியாழக்கிழமை போனிலும் அதையேதான் சொன்னார். அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு முப்பத்தாறு வயசாவுதுப்பா. அந்த யானைய வித்துட்டு வேற வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஞாயிறு விடியற்காலை அவர் எழுந்திருக்கவில்லை.

வீடு கழுவ ஆரம்பித்திருந்தார்கள். துளசி அத்தை வாளி வாளியாக ஊற்ற, ரேவதி துடைப்பத்தால் தள்ளினாள். அம்மா சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அப்போது வாசலில் ஆறு பிள்ளைகள் வந்து நின்றன. ஆளுக்கொரு புத்தகம். முன்னால் நின்ற பெண் அபி, நாலாம் வகுப்பு, எதிர்வீடு.

"தாத்தா இல்லடி கண்ணு" என்றாள் அம்மா.

"தெரியும் ஆயா. நாங்க கொட்டு பின்னாலயே மொனை வரைக்கும் போனோம்." அபி புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்ல? கடைசிப் பக்கம் இனிமே யாரு குடுப்பாங்க?"

"இன்னா புள்ளைங்கடி இதுங்க! எழவு வூட்டுல வந்து கேக்கற கேள்வியா இது? போங்க, போங்க" என்று அத்தை துடைப்பத்தைப் பிடுங்கி ஓங்கினாள்.

பிள்ளைகள் இரண்டடி பின்வாங்கின. அபி மட்டும் அசையவில்லை. "எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். டப்பாவுல வச்சா நாங்க திருடுறோம்னு தலகாணிக்குள்ள வச்சித் தச்சிட்டாரு."

அம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "ரேவதி, தலகாணி எங்க?"

ரேவதியின் கைகளுக்குள் அந்தச் சரசரப்பு திரும்ப வந்தது.

"நாந்தாம்மா... நாந்தான் கட்டிக் குடுத்தேன்."

அம்மா அவளையே பார்த்தாள். "போயி எடுத்துக்கினு வா."

"அண்ணிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அத்தை. "பொம்பள சுடுகாட்டுக்குப் போவாளா? பொணத்தோட போனத வூட்டுக்குள்ள எடுத்தாருவாங்களா?"

"வாசல் வரைக்குந்தான் அத்த" என்று சொல்லும்போதே ரேவதி ஸ்கூட்டியைக் கிளப்பியிருந்தாள்.

தெருவில் கொட்டிக் கிடந்த சாமந்திமேல் ஏறிப் போனாள். பாதி வழியில்தான் காலில் செருப்பில்லை என்பது தெரிந்தது. மூட்டையை இந்நேரம் கொளுத்தியிருப்பார்கள். ஆறு பிள்ளைகளின் பக்கங்களையும் சேர்த்து அவள் கையாலேயே கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் எத்தனை இறுக்கமாக.

சுடுகாட்டு வாசலில் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. புங்கமரத்தடியில் காவல்காரர் முனிசாமி, ஒரு பக்கக் காம்புக்குப் பதில் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு, மடி நிறையத் தாள்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலையணை வயிறு கிழிந்து கிடந்தது.

"பஞ்சு உதவும்னு பிரிச்சேம்மா. கொளுத்தறதுக்கு முன்னால இன்னாதான் எழுதியிருக்குதுன்னு பாத்தேன்" என்றார் கேட்காமலே. "இன்னாமா இது, எல்லாம் முடிஞ்சிபோன கதையாவே இருக்குது? திருடன் மாட்டிக்கினான். நரி ஓடிப்போச்சி. தொலஞ்ச பையன் வூட்டுக்கு வந்துட்டான். எப்பிடித் தொலஞ்சான்னு ஒண்ணுலயும் இல்ல."

"அது எங்க அப்பாதுண்ணா. குடுங்க."

"கொஞ்ச நேரத்துக்கு முன்ன வந்தாரே, அவரா?" முனிசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுக்கப் போனவர், ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டார். பழுத்த தாள். மேலே பென்சிலால் பெயர். "ரேவதின்னு போட்டிருக்குது. இதுதாம்மா இருக்கறதுலயே ஒசத்தி. அந்த யானை இருக்குது பாரு..."

"சொல்லாதீங்க!" ரேவதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

முனிசாமி பயந்துபோய் வாயை மூடினார். மதிலுக்கு அந்தப் பக்கம் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஏம்மா?"

"நான் இன்னும் கதை சொல்லல" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இருந்தாலும் அந்தத் தாளை எழுத்து உள்பக்கமாக வரும்படி மடித்து, அடுக்கின் நடுவில் செருகி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

வீட்டில் அப்பா கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் போகவில்லை. வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. துளசி அத்தை வழியை மறித்து நின்றாள். "தீட்டு. உள்ள எடுத்தாராத, சொல்லிட்டேன்."

"வழி வுடு துளசி. அது உங்க அண்ணன் சொத்து இல்ல. புள்ளைங்களோடது" என்றாள் அம்மா.

அத்தை முணுமுணுத்தாள். பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து ரேவதியின் தலையில் ஊற்றினாள், தாள்களின்மேல் ஒரு சொட்டு படாமல்.

அம்மா அடுக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "யாரு மொதல்ல? நீ வாடி. எதுவரைக்கும் வந்த?"

அபி எழுந்து, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆரம்பித்தாள். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் சொன்னார்கள். அம்மா ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை. மூடினால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது. வெயில் எதிர்வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. படித்து முடித்த பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தன.

மடியில் மடித்தபடி ஒன்று மிஞ்சியது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. தரையில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்கத் தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்தாள். பிறகு நிலைப்படியில் சாய்ந்து நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எதுவரைக்கும் வந்த?"

ரேவதியின் ஈரத் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டன.

"மொதல்லேர்ந்து சொல்றேன்" என்று அவள் உட்கார்ந்தாள். கழுவிவிட்ட தரையில் தண்ணீர் இன்னும் வடிந்திருக்கவில்லை.