முதல் நடை

பொழுது விடியுமுன்பே குவாரியில் லாரி மேல் ஏறித் தார்ப்பாய் இழுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டி மூடாமல் ரோட்டில் போகக் கூடாது என்று உத்தரவு. பனியில் நனைந்த தார்ப்பாய் செத்த மாடாகக் கனக்கும். கல்முனை உள்ளங்காலைக் கிழிக்கும். கீழே நின்று கயிறு முறுக்கும் செல்வம்மாளுக்குக் கல்தூசி படிந்து புருவம், இமையெல்லாம் வெள்ளை. இருமித் துப்பினாலும் வெள்ளைதான்.

சிமெண்டு விற்கவில்லை என்று ஆலைகள் கல் எடுப்பதைக் குறைத்ததால் பாதி வண்டி நின்றுகொண்டிருந்தது. அன்று மட்டும் எல்லா வண்டியிலும் லோடு ஏற்றச் சொல்லியிருந்தார் முதலாளி மணிவண்ணன். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

கார் வந்தது. முதலாளி தாம்பாளத்தோடு இறங்கினார். வெற்றிலை, பாக்கு, பூ. அதன்மேல் லாரிச் சாவிகள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்.

"இனிமே நீங்கதான் ஓனரு. காலமும் கெட்டுக் கெடக்கு, ரூல்ஸும் கழுத்தப் புடிக்குது. இதுலயும் ஒரு வாய்ப்பு இருக்குல்ல? லோடு நான் புடிச்சுத் தரேன். வண்டி வெலய நடைக்கூலியில கழிச்சுக்கறேன்."

"ஃபைன் வந்தா?" என்றேன்.

"ஓனருக்குத்தான வரும்."

"வண்டி ஆளு மேல ஏறிட்டா?"

"நல்ல நாளும் அதுவுமா... வாயக் கழுவுய்யா, அரியமுத்து!"

வாய்ப்பு யாருக்கு என்று புரிந்துபோனது. ஆனால் எங்களில் இளையவனான டேவிட்ராஜ் அதற்குள் சாவியை எடுத்துவிட்டான். கட்டிக்கொள்ளப்போகிற ரீனாவுக்கு அனுப்பப் போட்டோ வேறு. அவனுக்குக் கிடைத்தது, போன வாரம் கல்லங்குறிச்சி ரோட்டில் பிரேக் பிடிக்காமல் புளியமரத்தை உரசி நின்ற வண்டி. தகரம் இன்னும் கிழிந்தே கிடந்தது.

எங்கள் ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கைமாறினால் விற்றவர் முதல் நடை கூடவே உட்கார்ந்து போக வேண்டும்.

"ஏறுங்க மொதலாளி. லோடோட ஆலை வரைக்கும்," என்றேன்.

"டவுன்ல சோலி இருக்கு."

"போற வழிதானுங்க."

"வேட்டி அழுக்காயிடும்யா."

"நான் தொவச்சுத் தரேன், ஏறுங்க சார்," என்றாள் செல்வம்மாள். எல்லோரும் சிரித்தோம்.

டேவிட்ராஜ் சிரிக்கவில்லை. நிஜமாகவே கதவைத் திறந்து பிடித்தான். "வாங்க சார்."

முதலாளி கிழிந்த தகரத்தைப் பார்த்தார். ஓரடி பின்னால் வைத்தார். அந்த ஓரடியை டேவிட்ராஜ் பார்த்துவிட்டான். சாவி தாம்பாளத்தில் 'ணங்' என்று விழுந்தது.

"பிரேக்கச் சரி பண்ணுங்க. கூலிக்கே ஓட்டறோம். இல்லன்னா ஒரு வண்டியும் நகராது," என்றான்.

"நாமக்கல்லுக்கு ஒரு போன் போட்டா வண்டி வரிசையா வந்து நிக்கும். கஞ்சிக்கு என்னடா பண்ணுவீங்க?"

கார் புழுதி கிளப்பிப் போனது. பொழுது சாய்வதற்குள் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நான் லேசில் யாரையும் நம்புகிறவனில்லை.

வெயில் சாயும்போது மெயின் ரோட்டில் லாரிகளின் உறுமல் கேட்டது.

"பெரியப்பா, நாமக்கல்காரனுங்க வந்துட்டானுங்க," என்றான் டேவிட்ராஜ்.

செல்வம்மாள் தார்ப்பாய்க் கயிற்றை உருவினாள். ஒரு நுனியைக் குவாரி வாசல் கல்தூணில் கட்டி, மறுநுனியை வாசலுக்குக் குறுக்கே இழுத்து என் கையில் திணித்தாள். எனக்குப் பின்னால் டேவிட்ராஜ் பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர். திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் ஓடவில்லை.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடந்தன.

முதல் லாரி புழுதிக்குள்ளிருந்து வளைந்து வந்தது. ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை. அவனும் கூலிக்காரன்தான். நின்றால் பேசலாம். நிற்பானா?

ஹாரன் அலறியது. கயிற்றை இறுக்கினோம்.