சாம்பிராணியும் ஆறு அலாரமும்

"கழட்டடா அதை! கழட்டி வெளியில எறி!" என்று தியாகலிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார். அவருடைய அண்ணன் மகன் பிரியந்தன் சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஏறி நின்று சீலிங்கில் இருந்த அலாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் மகள் நிலக்சி வாசற்கதவைத் திறந்து வைத்துத் துவாயால் புகையை விசிறினாள். மோர்னிங்சைட்டின் மார்ச் மாதக் குளிர் முழுவதும் வீட்டுக்குள் வந்ததே தவிர, புகை வெளியே போவதாக இல்லை.

தகனம் முடிந்து வந்து, எல்லோரும் தலை தோய்ந்து, செந்தில்நாதனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அண்ணனுக்கென்று தம்பிக்காரன் தியாகலிங்கம் அள்ளிப் போட்ட சாம்பிராணியில் வரவேற்பறை அலாரம் முதலில் அலறியது. ஒன்று அலறினால் மற்ற ஐந்தும் சேர்ந்து அலறவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவையும் சொன்ன சொல் தவறாமல் அலறின.

கமலாம்பிகை சோபாவில் அசையாமல் இருந்தாள். இந்தச் சத்தத்துக்குத்தானே ஆயிரத்து நானூறு டொலர் என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, புருசனை எரித்துவிட்டு வந்த அன்றைக்கும் இந்தக் கணக்கா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஜனவரியில் புதுச்சட்டம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு கதையே இருக்கவில்லை. புகைக்கு மட்டும் போதாதாம். கார்பன் மொனொக்சைட்டுக்கும் ஒவ்வொரு தளத்திலும் அலாரம் வேண்டுமாம். செந்தில்நாதன் கடைக்குப் போய் நாலு வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் நாலும் புகைக்கு மட்டும். திருப்பிக் கொடுக்க ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றார். அடுத்த தரம் சரியானதையே ஆறு வாங்கிச் சீலிங்கில் பூட்டினார். அதில் ஏதோ ஒன்று இடைக்கிடை 'கீச்' என்றது. எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் கீழும் நின்று காது கொடுத்தார். அவர் எதன் கீழே நிற்கிறாரோ அது வாயைத் திறக்காது. கடைசியில் ஒரு இலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டார். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடுத்துவிடுவதுதான் நல்லது என்றான் அவன். இவரும் தலையாட்டி, ஆயிரத்து நானூறு டொலரைக் கொடுத்துவிட்டார்.

பாரிசில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போவதற்குக் கமலாம்பிகை சேர்த்து வைத்திருந்த டிக்கெட் காசு அது. தங்கச்சியைக் கண்டு பதினாறு வருசம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களே?" என்று அவள் சண்டைக்குப் போனாள்.

"கீழ ஒரு சீவன் படுத்துக் கிடக்குது. அவனுக்கு ஒண்டு நடந்தா நான் மேல எப்பிடி நித்திரை கொள்ளுறது, சொல்லும் பாப்பம்?"

"அப்ப உந்த அலாரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ!"

அதுதான் அவள் அவரோடு கடைசியாகக் கதைத்தது. பதினொரு நாள் பேச்சில்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோய் மேசையில் 'டங்' என்று வைப்பாள். அவர் "நல்லாயிருக்கு" என்பார். அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். முப்பத்தெட்டு வருசத்தில் எத்தனையோ கோபம் வந்து போயிருக்கிறது, இதுவும் தன்பாட்டில் போகும் என்றுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குசினியில் நின்றாள். மேலே அறையிலிருந்து அவர் கூப்பிட்டார். பட்டனை அமத்துறன், சத்தம் கேக்குதோ எண்டு பாரும் என்று அலாரம் பரிசோதிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். பைப்பைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவினாள். தேத்தண்ணியோடு மேலே போனபோது அவர் கட்டில் ஓரத்தில் சாய்ந்து கிடந்தார். கை குளிரத் தொடங்கியிருந்தது.

நித்திரையிலேயே போய்விட்டார் என்று பிரியந்தன் தானாகவே முடிவுகட்டி எல்லோருக்கும் ரெலிபோனில் சொன்னான். அவள் மறுக்கவில்லை. மூன்று நாளாகச் சனம் வந்து, "குடுத்து வைச்ச மனுசன் மச்சாள், ஒரு நோய் வருத்தம் தெரியாமல் போட்டார்" என்று அவள் கையைப் பிடித்தது. அவர் கூப்பிட்டதைச் சொன்னால் பிள்ளைகள் தன் முகத்தில் முழிப்பார்களா என்று பயந்தாள்.

பிரியந்தன் அலாரத்தைக் கழற்றி எடுத்துவிட்டான். ஆறும் அடங்கின. அந்த அமைதிக்குள் பேஸ்மென்ட் படியில் தடதடவென்று காலடி கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு கீழே வாடகைக்கு இருக்கும் றோய் வந்தான். மிசிசாகாவில் விமான நிலையத்தில் இரவு வேலை. காலையில் தகன மண்டபத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு இப்போதுதான் படுத்திருப்பான். வெறுங்கால், தோளில் கம்பளி.

அவன் வேறு யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து கமலாம்பிகையின் கையைப் பிடித்து, "வெளியே வாருங்கள், மிஸிஸ் இஞ்சாரும், உடனே வெளியே வாருங்கள்!" என்று ஆங்கிலத்தில் சொல்லி இழுத்தான்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு நிலக்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளுக்குப் பிறகு முதற் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டாள். "நெருப்பில்லை றோய், சாம்பிராணிப் புகை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அதோடு, அது அம்மாவின் பெயர் இல்லை. 'இங்கே பாரும்' என்று அர்த்தம். அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்."

றோய்க்கு முகம் சிவந்தது. "நாலு வருசமாக அதுதான் பெயர் என்று நினைத்தேன். ஹீற்றர் குழாய் வழியாக அவர் குரல் அப்படியே கீழே கேட்கும்." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "ஞாயிறு காலையும் கேட்டதே. வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். இஞ்சாரும், இஞ்சாரும் என்று இரண்டு தரம் கூப்பிட்டார்."

"ஞாயிறு காலமையா?" பிரியந்தன் கதிரையில் நின்றபடியே கேட்டான். "அப்பா நித்திரையில எல்லோ..."

அவன் அம்மாவைப் பார்த்தான். தியாகலிங்கம், "றோய்க்கு நாள் மாறியிருக்கும், விடு" என்றார்.

கமலாம்பிகைக்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் போலத்தான் இருந்தது. ஓம், நாள் மாறியிருக்கும் என்று ஒரு சொல். அவ்வளவுதான். றோயின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"மூண்டு தரம்," என்றாள்.

நிலக்சி துவாயைக் கீழே இறக்கினாள்.

"மூண்டாந்தரம் மெல்லமாத்தான் கூப்பிட்டவர். இவருக்குக் கீழ கேட்டிருக்காது. பைப்பைப் பூட்டிப்போட்டு நிண்டு கேட்டனான். வேணுமெண்டா இறங்கி வரட்டும் எண்டு நினைச்சன். திரும்பவும் பைப்பைத் திறந்தனான் பிள்ளை."

தமிழ் தெரியாத றோய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "என்ன சொல்கிறார்?" என்று நிலக்சியைக் கேட்டான். நிலக்சி துவாயை மடிக்கத் தொடங்கினாள்.

பிரியந்தன் அம்மாவைப் பார்க்காமல் சீலிங் பக்கம் திரும்பி, கையில் இருந்த அலாரத்தை அது இருந்த வட்டத்துக்குள் வைத்துத் திருகினான். மரை பிடிக்கவில்லை. எடுத்து, மறுபடியும் வைத்துத் திருகினான்.