முகமூடிக்குக் குனியாத தலை

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கோபத்துக்கு ஓர் அரசன் உண்டென்றால் அது குலசேகரம்தான். இதை அவரே சொல்வார். லூயி-பிளாங் தெருவில் தன் மரக்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய் ஒன்றைச் செங்கோல்போல நிமிர்த்திப் பிடித்தபடி சொல்வார்.

"முகமூடிக்காரனுக்கு முன்னாலை குனியாத தலை இந்தப் பாரிசிலை ஒண்டே ஒண்டுதான். இந்தத் தலை."

சனம் பச்சைமிளகாய் பொறுக்கிக்கொண்டே ஆமோதிக்கும்.

இம்முறை கோபம் மகள் சாம்பவிமேல். விடுமுறையில் லடாக் போய், புத்த மடத்துத் திருவிழாவில் முகமூடி நடனம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஃபோன் வீடியோவில், பல்லிளித்த பெரிய முகமூடி ஒன்றுக்கு முன்னால் அவள் தலை குனிந்து நிற்க, அது அவளுடைய உச்சியை மெல்ல முட்டியது.

"கடா மாதிரித் தலையைக் குடுத்துக்கொண்டு நிக்கிறாய். மாலை போடேல்லையோ?"

"அது ஆசீர்வாதம், அப்பா."

"புத்தன்ரை ஆசீர்வாதம் எங்களுக்கு ஊரிலை வானத்தாலை குண்டாய் வந்து விழுந்தது, காணும்! உன்ரை சித்தப்பாவை ஆர் காட்டிக் குடுத்தது? சாக்காலை முகத்தை மூடின தலையாட்டி. ஆமிக்காரன் எங்களை வரிசையிலை விட்டான். இவன் தம்பியைப் பாத்து ஒருக்காத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான், இழுத்துக்கொண்டு போனாங்கள். உனக்கு முகமூடி வேடிக்கையோ?"

சாம்பவி கத்தவில்லை. "அந்த மடத்துப் பிக்குமார் ஞாயிற்றுக்கிழமை இஞ்சை ஆட வருகினம். என்னோடை வாங்கோ. வராட்டி இனி நான் எங்கை போறன் எண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன்."

எங்கே போனான் என்று தெரியாத ஓர் ஆள் அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தான். குலசேகரம் போனார்.

வழக்குக்குப் போகிறவர்போல, மண்டபத்தின் முன்வரிசைத் தரையில் கைகட்டி உட்கார்ந்தார். நீண்ட எக்காளங்கள் அலறின. பட்டு அங்கிகள் சுழன்றன. 'சுத்தக் கூத்து' என்று பல்லைக் கடித்தார். அப்போது சிவந்த முகமூடி ஒன்று வட்டத்தை விட்டு விலகி வரிசைக்கு வந்தது. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தது. சாம்பவிக்கு முன்னால் நின்றது. ஒருமுறை தலையை அசைத்தது.

அவள் குனியத் தொடங்கினாள். குலசேகரத்தின் கை அவளைப் பின்னால் தள்ளியது.

"இவளில்லை," என்றார், எக்காளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காத குரலில். "இவள் ஒண்டும் செய்யேல்லை."

முகமூடி காத்து நின்றது.

அவர் முழங்காலில் நகர்ந்து மகளுக்கு முன்னால் வந்து, தன் தலையைக் குனிந்து கொடுத்தார்.