இடது பக்கச் சத்தம்

தினகரன் வந்தாலே எனக்கு எரிச்சல்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். வாரத்துக்கு ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிடுவான். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டதற்கே ஒருமுறை இன்ஜினைப் பிரிக்கச் சொன்னவன்.

வரதராஜப் பெருமாள் கருட சேவைத் திருவிழாவுக்கு முந்தின நாள். ஐயம்பேட்டையில் என் பட்டறை வாசலில் ஏழு வண்டி நின்றது. இவனும் வந்து நின்றான்.

"கௌஸ் பாய், பின்னால லெப்ட்ல லொடக்கு லொடக்குன்னு வந்துக்கினே இருக்குது. ஆள் ஏறினா ஜாஸ்தியாவுது."

"உன் காதக் கழட்டி வைப்பா, மொதல்ல அதப் பாக்கறேன்."

சிரித்தான். போகவில்லை.

ஆட்டோவின் அடியைப் பார்க்க அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு ஆள், பத்து நிமிடம். அன்று எனக்கு ஏது பொறுமை? எங்கள் பட்டறையில் கிரீஸ் துடைப்பதற்குத் தறிவீடுகளில் மிஞ்சும் பட்டு நூல் கழிவுதான். அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அதில் ஒரு பிடி எடுத்து முறுக்கி, சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரால் குத்தி அடைத்தேன். திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தான். சத்தம் நின்றிருந்தது.

"ரப்பர் புஷ்ஷு தேஞ்சிருந்துது, மாத்திட்டேன். போய் சவாரி ஏத்து" என்றேன். பச்சைப் பொய். அதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்ததையும் பாவி நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் முசரவாக்கத்திலிருந்து திருவிழாக் கூட்டத்தை ஏற்றி வருகையில் ஆர்ம் முறிந்து வண்டி கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. தினகரனின் இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

முறிந்த துண்டைப் போய்ப் பார்த்தேன். பாதி புதிதாக மினுங்கியது, பாதியில் பழைய துரு. விரிசல் விட்டுப் பல நாள் ஆகியிருக்கிறது. வண்டியைச் சாய்த்திருந்தால் குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி கலைவாணி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். தினகரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாய் நல்லாத்தான் பாத்துக் குடுத்தாரு, ஒரு சத்தம் வர்ல" என்று அவளிடம் சொன்னான். "நான்தான் ஆசப்பட்டு பதினோரு பேர ஏத்திட்டேன். அதனாலதானே பாய் ஒடஞ்சுது?"

இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஆமாம்பா. லோடு ஜாஸ்தி" என்றேன்.

"கேட்டியா? உன் பேராசையால எங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டியே!" கலைவாணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.