மூன்றாவது மாடியில் கடல்

ஈரோட்டில் நாங்கள் வாங்கப்போன வீட்டின் பால்கனிக்கு வெளியே கடல் இருந்தது. வீடு மூன்றாவது மாடி. கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

கட்டியவர் நொடித்துப் போய்விட்டார். வீடுகளை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்க நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்திருந்தது. வேலப்பன் என்ற வக்கீல். நானும் அக்கா வசுமதியும் அப்பாவின் மஞ்சள் குடோனை விற்ற பணத்தை இதில் போடுவதாக இருந்தோம். எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. வாடகை வந்தால்தான் சாப்பாடு.

வேலப்பன் எங்களை நடைவழியில் அழைத்துப் போனார். அவர் பேசப் பேச நடைவழி நீண்டது. மூச்சு வாங்க நிறுத்தினார். கதவு வந்துவிட்டது.

"உள்ளது உள்ளபடிதானுங்க விக்கறோம்," என்றார். "அப்பறம் வந்து கடல் இருக்குதுன்னு சொல்லக்கூடாது."

நான் கொஞ்சம் பயந்தேன். அக்கா பயப்பட மாட்டாள், விசாரிப்பாள். பால்கனியில் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இங்க போர் போட்டாலும் இப்படித்தாண்டா உப்பா வரும்," என்று என்னிடம் சொன்னாள். பிறகு குழாயில் நல்ல தண்ணீர் தனியாக வருமா என்று வேலப்பனிடம் கேட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்றார். அவளுக்குத் திருப்தி.

கடல் யாருடையது என்று நான் கேட்டேன். வேறொரு வழக்கில் வந்ததாம். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் கேட்டுச் சண்டை போட்டு, பிறகு ராசியாகி, கடலை மறந்துவிட்டார்கள். வைக்க இடமில்லாமல் வேலப்பன் அதை இங்கே வைத்திருந்தார். தினமும் காலையில் வந்து, கதவைத் திறந்து, அதற்குக் காற்றுக் காட்டிவிட்டுப் போவாராம்.

இதுவரை வாங்க வந்தவர்கள் எல்லோரும் பால்கனியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்களாம். இன்று மாலைக்குள் விற்கவில்லை என்றால் வீட்டைச் சுருட்டி நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போதே ஹாலின் ஒரு மூலை பாய்போலச் சுருள ஆரம்பித்தது. அக்கா போய் அதன்மேல் உட்கார்ந்தாள்.

இந்த வீட்டுக்கு யார் வாடகைக்கு வருவார்கள் என்று அவள் காதருகே குனிந்து கேட்டேன்.

"வராட்டி நாமளே இருந்துக்கலாம். நான் கடல் பாத்ததே இல்லடா."

இத்தனை வருடத்தில் அவள் அதை என்னிடம் சொன்னதில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். ஹாலின் மூலை விரிந்து படுத்துக்கொண்டது.

வேலப்பன் சாவியைக் கொடுத்தார். அவர் வேலை முடிந்துவிட்டது. ஆனால் போகாமல் வாசலில் நின்று பால்கனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பால் காய்ச்சப் போகிறோம், இருந்து குடித்துவிட்டுப் போங்கள் என்றாள் அக்கா. அவர் விற்ற வீடுகளில் யாரும் அவரை இருக்கச் சொன்னதில்லையாம். ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பால்கனிக் கம்பியில் ஏறி உட்கார்ந்து, கால்களைக் கடலுக்குள் விட்டார்.

பால் பொங்கும் நேரத்தில் ஒரு கப்பல் வந்து பால்கனியை உரசி நின்றது. மேலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தான்தான் கேப்டன், ஊர் தூத்துக்குடி, பெயர் ஜெசிந்தா என்றாள். வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

"எத்தன பேருங்க?" என்றாள் அக்கா.

"கப்பல்ல உள்ள எல்லாரும்தாங்க்கா."

"மீன் செய்வீங்களா?"

"தெனமும் செய்வோம்."

நான் அக்காவைப் பார்த்தேன். மஞ்சள் குடோனில் கருவாட்டு வாசம் வந்தாலே ஆளை வெளியே அனுப்பியவள் அவள்.

"எங்களுக்கும் சேத்திச் செய்யுங்க," என்றாள்.

வேலப்பன் கயிற்றை வாங்கிக் கம்பியில் கட்டினார். ஜெசிந்தா அட்வான்ஸை என் கையில் கொடுத்தாள். பாயும் தலையணையுமாக ஆட்கள் இறங்க இறங்க ஹால் அகலமானது. எல்லோருக்கும் பால் வந்தது. ஒருவன் பாடினான். இன்னொருவன் எங்கள் சுவரில் காலண்டர் மாட்டினான்.

அக்காவைக் காணவில்லை. பால்கனிக்குப் போனேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடலுக்குள் நின்றிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பு வரைதான் இருந்தது. ஓர் அலை வந்து அவளைத் தூக்கி, கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய், பத்திரமாக வைத்தது. அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

"வாடா," என்றாள்.

அட்வான்ஸ் பணம் சட்டைப்பையில் இருந்தது. நனையட்டும் என்று குதித்தேன்.